கியர் மெதுவாக விழுவது சொகுசா, தேய்மானமா? பழைய பிக்கப்பின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

அமெரிக்கர்கள் ‘டிரக்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் நாம் லாரி என்று சொல்வதைக் குறிப்பதில்லை. முன்னால் கேபினும் பின்னால் திறந்த தொட்டியுமாக இருக்கும் பிக்கப் வண்டியையே குறிக்கிறார்கள். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் அங்கே விற்ற ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப்களில் பல, ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 என்னும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுடன் வந்தன. அந்த வண்டிகளைப் பழுது பார்த்து இன்றும் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: கியர் மாறுவதே தெரிவதில்லை, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது.

கேட்பவருக்கு இது குறையாகவே தோன்றாது. கியர் மாறுவது தெரியாமல் ஓடுவதற்குத்தானே ஆட்டோமேட்டிக் வண்டி வாங்குகிறோம் என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், கியர் மாறும் அந்த ஒரு கணத்தில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும். ஒரு மையச் சக்கரம், அதைச் சுற்றும் சிறு சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்த வளையம் என்று அமைந்த தொகுதி அது. அதில் எந்த உறுப்பைச் சுழல விடுகிறோம், எதைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே கியர் விகிதம் அமைகிறது. அப்படிச் சேர்த்துப் பிடிப்பதற்கு இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று கிளட்ச் பேக். அதில் எஃகுத் தகடுகளும் உராய்வுப் பூச்சு ஒட்டிய தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு ஆயிலில் நனைந்திருக்கும், ஒரு பிஸ்டன் அழுத்தினால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். மற்றொன்று பேண்ட், பானையின் கழுத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்குவதுபோல, சுழலும் டிரம் ஒன்றைச் சுற்றி இறுக்கி நிறுத்தும் பட்டை அது. இரண்டையும் இயக்குவது ஆயில் பிரஷர்தான். ஓட்டுநரின் காலுக்குக் கிளட்ச் வேலை இல்லாமல் போனதற்குக் காரணம், அந்த வேலையை ஆயில் ஏற்றுக்கொண்டதுதான்.

இப்போது 700ஆர்4 முதல் கியரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் விகிதம் 3.06, இரண்டாவது கியரின் விகிதம் 1.63. என்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது கியர் மாறினால், வண்டியின் வேகம் அந்தக் கணத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும் என்பதால், என்ஜின்தான் சுமார் 1,600 ஆர்பிஎம்முக்கு இறங்கி வர வேண்டும். அந்த 1,400 சுற்று இறக்கத்தைச் சாத்தியமாக்குவது பேண்ட். சுழன்றுகொண்டிருக்கும் டிரம்மை அது பிடித்து, நழுவவிட்டு, இறுக்கி, கடைசியில் முற்றிலும் நிறுத்துகிறது. நழுவும் நேரம் முழுக்க வெப்பம் பிறக்கிறது. என்ஜினும் அந்த நேரத்தில் சும்மா இருப்பதில்லை, தொடர்ந்து உந்திக்கொண்டே இருக்கிறது. கிணற்றுக்குள் இறங்கும் நிறைவாளியின் கயிற்றைச் சட்டென்று இறுகப் பிடித்தால் உள்ளங்கை தப்பிவிடும். மெல்ல மெல்ல நழுவ விட்டால் தோல் உரிந்துவிடும். பேண்டின் பூச்சுக்கும் கிளட்ச் தகடுகளின் பூச்சுக்கும் நேர்வது இதுதான். ஓட்டுநருக்கு மென்மையாகத் தெரிவது உள்ளே நீண்டுபோன நழுவல்.

அப்படியானால் கம்பெனிக்காரர்கள் இதை அறியாமலா செய்தார்கள் என்றால், நன்றாக அறிந்தே செய்தார்கள். 1982 மாடல் ஆண்டில் அறிமுகமான இந்தப் பெட்டி பிக்கப்புக்கும் வந்தது, குடும்பக் காருக்கும் வந்தது, கார்வெட் என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் வந்தது. வண்டிக்கேற்ப ஸ்பிரிங்குகளையும் துளைகளையும் மாற்றினாலும், உலுக்கல் இல்லாத ஓட்டத்தையே பெரும்பாலான வாடிக்கையாளர்கள் விரும்பினார்கள் என்பதால், மாற்றம் வேண்டுமென்றே சற்று நீட்டப்பட்டது. புதிய வண்டியில் அது தாங்கக்கூடிய அளவுதான். ஆனால் பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுக்கும் வண்டிக்கு அது அதிகம். அதோடு 30 ஆண்டுத் தேய்மானமும் சேர்ந்துகொண்டால் இன்னும் அதிகம். ஆக, மென்மை இரண்டு வகைப்படும்: ஒன்று பிறவியிலேயே இருப்பது, மற்றொன்று பிற்பாடு வந்து சேர்ந்தது. முன்னதைத் திருத்தி அமைக்கலாம். பின்னதை நோய் என்று கருதி அதற்கான காரணத்தைத் தேட வேண்டும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பாகங்களை வாங்கிப் பொருத்துவதில்தான் பெரும்பாலானோர் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

பிரித்துப் பார்ப்பதற்கு முதற்கருவி, என்ஜினின் ஆர்பிஎம்மைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள். பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகு, மிதமாக ஆக்சிலரேட்டரை மிதித்து ஓட்டி, கியர் மாறும்போது முள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே சீராகச் சற்று மெதுவாக இறங்கினால் அது பெரும்பாலும் பிறவி மென்மை. இறங்குவதற்கு முன் முள் மேலே துள்ளி எழுந்து பிறகு விழுந்தால், ஒரு கியர் விட்டுவிட்டது, அடுத்தது இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள், அது நோய். அமெரிக்க மெக்கானிக்குகள் இதை ‘ஃபிளேர்’ என்கிறார்கள். காலையில் சரியாக இருந்து, சூடேறியதும் நழுவினால், நீர்த்துப்போன ஆயில் தேய்ந்த சீல்களின் வழியே கசிகிறது என்று ஐயப்படலாம். குளிரில் மட்டும் தடுமாறினால், ரப்பர் சீல்கள் இறுகிக் கல்லாகிவிட்டன என்று ஐயப்படலாம்.

அடுத்து ஆயில். சொல்வதற்கே கூச்சமாக இருக்குமளவு எளிய சங்கதி என்றாலும், ஆயில் குறைந்த பெட்டியில் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்று கலந்த ஆயில் அமுங்கும். அமுங்கும் ஆயில் பிஸ்டனை உறுதியாகத் தள்ளாது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் பெட்டி சூடாக இருக்கும்போது, என்ஜின் ஐட்லில் ஓட, லீவரை ‘பார்க்’கில் வைத்து டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். பழைய கிரைஸ்லர், டாட்ஜ் வண்டிகளின் டார்க்ஃப்ளைட் பெட்டியில் அதை ‘நியூட்ர’லில்தான் பார்க்க வேண்டும், அந்தப் பெட்டி பார்க்கில் இருக்கும்போது, என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்கு ஆயில் போவதில்லை என்பதால், அளவு தவறாகக் காட்டும். ஆயில் சிவப்பாகவும் தெளிவாகவும் இருந்தால் நல்லது. பழுப்பேறி, கருகிய வாடை அடித்தால், யாரோ கயிற்றை நெடுநாள் நழுவ விட்டிருக்கிறார்கள்.

ஆயிலின் வகையும் கியர் மாற்றத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் வகை ஆயிலில், தகடுகள் ஒட்டிக்கொள்ளும் கடைசி நொடியில் உலுக்கல் வராமலிருக்க, உராய்வை மாற்றும் வேதிப்பொருள்கள் கலந்திருக்கும். ஃபோர்டின் பழைய ‘டைப் எஃப்’ ஆயிலில் அவை கிடையாது. அதனால் அது கியரைச் சற்று முரட்டுத்தனமாகப் பிடிக்கும். ஒரு காலத்தில் அந்த மென்மைக்காகக் கலந்த பொருள் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அந்தத் திமிங்கிலத்தை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அறிவித்து 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த எண்ணெயைத் தடை செய்ததும், ஆயில் கம்பெனிகள் மாற்றுப் பொருள் தேட வேண்டியதாயிற்று. டெக்ஸ்ரான் கேட்கும் பெட்டியில் டைப் எஃப் ஊற்றிக் கியரைக் கெட்டிப்படுத்தும் பழைய யுக்தி இன்னும் சொல்லப்படுகிறது. 700ஆர்4-க்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் டார்க் கன்வெர்ட்டருக்குள், என்ஜினையும் பெட்டியையும் நேராகப் பிணைக்கும் ஒரு லாக்கப் கிளட்ச் இருக்கிறது, அது பிடிக்கும்போது வண்டி அதிர்வதற்கு இடமுண்டு. பழைய டெக்ஸ்ரானுக்குப் பதிலாக, 2005-இல் வந்த டெக்ஸ்ரான்-VI வகையை ஊற்றலாம் என்று ஜெனரல் மோட்டார்ஸே சொல்கிறது.

ஆயில் சரியாக இருந்தால், அடுத்ததாகப் பார்க்க வேண்டியது டிவி கேபிள். தொலைக்காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. த்ராட்டில் வால்வு என்பதன் சுருக்கம் அது. என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டரிலோ த்ராட்டில் பாடியிலோ உள்ள லீவரிலிருந்து புறப்பட்டு, கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் ஒரு வால்வை இது இழுக்கிறது. முழு மிதிப்பில் கியரைக் கீழே இறக்குவதற்கு மட்டுமே இந்தக் கேபிள் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நினைப்பு பல பெட்டிகளைப் பலி கொண்டிருக்கிறது. உண்மையில், ஓட்டுநர் எவ்வளவு மிதிக்கிறார், அதாவது என்ஜின் எவ்வளவு பலத்தைக் கொடுக்கப் போகிறது என்ற செய்தியைப் பெட்டிக்குச் சொல்வது இந்த ஒரு கேபிள்தான். அந்தச் செய்தியைக் கொண்டே பெட்டி தன் பிரஷரை ஏற்றிக்கொள்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால், ஓட்டுநர் பாதி மிதித்திருக்கும்போது பெட்டி கால் மிதிப்பு என்று நம்பும். பிரஷரை அதற்கேற்பக் குறைவாகவே வைக்கும். கியர் சீக்கிரமாகவும் மென்மையாகவும் விழும். ஓட்டுநருக்கு ஆனந்தமாக இருக்கும். பெட்டிக்குள்ளே, இந்த மாடலின் பலவீனமான இடம் என்று பெயர் வாங்கிய, மூன்றாவது, நான்காவது கியர்களுக்கான ‘மூன்று–நான்கு’ கிளட்சின் தகடுகள் கருகிக்கொண்டிருக்கும். கேபிள் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் நேரெதிர்: கியர் தாமதமாக, உதைத்துக்கொண்டு மாறும்.

இதைச் சரிசெய்யும் முறை கடினமானதல்ல. என்ஜினை அணைத்துவிட்டு, த்ராட்டில் பக்கத்து முனையில் இருக்கும் சிறு பூட்டுப் பொத்தானை அழுத்தி, கேபிளின் சறுக்குக் குழாயை அதன் கூட்டுக்குள் முழுக்கப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பொத்தானை விட வேண்டும். பிறகு த்ராட்டில் லீவரைக் கையால் கடைசி எல்லை வரை திறக்க வேண்டும். குழாய் ‘டிக் டிக்’ என்று பல் பல்லாக நகர்ந்து தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். கேபினுக்குள் ஒருவரை உட்கார வைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் உண்மையிலேயே முழுக்கத் திறக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தரையில் கிடக்கும் தடித்த மிதியடி ஒன்று பெடலை முழுக்க இறங்க விடாமல் தடுத்துவிடும். கார்புரேட்டரை வேறு கம்பெனியுடையதாக மாற்றியிருக்கும் வண்டியில் இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. புதிய லீவரில் கேபிள் மாட்டும் இடம் அதன் சுழல் மையத்திலிருந்து வேறு தூரத்தில் இருந்தால், முழு மிதிப்பில் அளவு பொருந்தினாலும் பாதி மிதிப்பில் பொருந்தாது. இதைச் சரிக்கட்டுவதற்கென்றே லீவரில் பொருத்தும் தகடுகள் விற்கப்படுகின்றன. கார்புரேட்டரை மாற்றிவிட்டு இந்தத் தகடை மறந்தவர் அடுத்து வாங்க வேண்டியிருப்பது புதிய கிளட்ச் தகடுகளாக இருக்கும்.

எல்லாப் பழைய பெட்டிகளிலும் டிவி கேபிள் இல்லை. 1964-இல் வந்த டர்போ 400, 1969-இல் வந்த டர்போ 350, ஃபோர்டு 1966-இல் கொண்டுவந்த சி6 ஆகியவை என்ஜினின் வெற்றிடத்தைக் கொண்டு அதே செய்தியை அறிகின்றன. வேக்குவம் மாடுலேட்டர் என்ற சிறு டப்பா பெட்டியின் உடலில் செருகப்பட்டிருக்கும். உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு. வெற்றிடம் அதிகமானால் பிரஷர் குறையும், வெற்றிடம் குறைந்தால் பிரஷர் ஏறும். குழாயைக் கழற்றிப் பார்க்கும்போது அதற்குள் சிவப்பு ஆயில் இருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. என்ஜின் அந்த ஆயிலைக் குடித்து வெண்புகை விடும். ஆனால் கிழிந்த சவ்வும் ஒழுகும் குழாயும் கியரை முரடாக்குமே தவிர மென்மையாக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மென்மையே குறையாக இருந்தால், திருகு வைத்த மாடுலேட்டராயின் யாரோ அதைத் தேவைக்கு மேல் தளர்த்தியிருக்கிறார்களா என்று பார்க்கலாம். டார்க்ஃப்ளைட்டில் இதே வேலையைக் கேபிளுக்குப் பதிலாகக் கம்பிகளும் நெம்புகோல்களும் செய்கின்றன. அவற்றின் மூட்டுகள் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால் தளர்ந்த கேபிளின் விளைவே இங்கும் ஏற்படும்.

ஊகங்களுக்கு முடிவு கட்டுவது பிரஷர் கேஜ். 700ஆர்4-இன் இடப்பக்கத்தில், லீவர் தண்டுக்கு அருகே, ஒரு சிறு அடைப்பு இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜ் ஒன்றைக் குழாயோடு மாட்டலாம். சூடான பெட்டியில், டிரைவில், ஐட்லில் ஏறக்குறைய 60 பிஎஸ்ஐ காட்டும். கேபிளைக் கையால் முழுக்க இழுத்தால் அது இரண்டு மடங்குக்கும் மேல் ஏற வேண்டும். மாடலுக்கு மாடல் சரியான எண் வேறுபடும் என்பதால் அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்ப்பதே முறை. கேபிளை இழுத்தும் முள் அசையாமல் இருந்தால் த்ராட்டில் வால்வு சிக்கியிருக்கலாம். எப்போதும் குறைவாகவே இருந்தால் ஃபில்டர் அடைந்திருக்கலாம், அல்லது பம்ப் தேய்ந்திருக்கலாம். பம்ப் தேய்ந்த பெட்டிக்கு வெளியிலிருந்து செய்யக்கூடிய வைத்தியம் எதுவும் இல்லை.

கேஜ் சரியாகக் காட்டுகிறது, கேபிள் சரியாக இருக்கிறது, ஆயில் சிவப்பாக இருக்கிறது, ஆனாலும் கியர் மென்மையாகவே மாறுகிறது என்றால், அது பிறவி மென்மைதான். இப்போதுதான் ஷிஃப்ட் கிட் என்ற பேச்சுக்கே இடம் வருகிறது. டிரான்ஸ்கோ, பி அண்ட் எம் போன்ற கம்பெனிகள் விற்கும் இந்தப் பொதிக்குள் சில ஸ்பிரிங்குகளும் வால்வுகளும் ஒரு சில டிரில் பிட்டுகளும் இருக்கும். இவ்வளவு சிறிய சாமான்கள் எப்படி இவ்வளவு பெரிய பெட்டியின் குணத்தை மாற்றுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, ஆயிலை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் வால்வுகள் அடங்கிய வால்வு பாடிக்கும் பெட்டியின் உடலுக்கும் நடுவில் இருக்கும் தட்டையான எஃகுத் தகடு. அதில் உள்ள சிறு துளைகள் வழியாகத்தான் ஆயில் ஒவ்வொரு கிளட்சுக்கும் பேண்டுக்கும் போகிறது. துளை சிறிதாக இருந்தால் ஆயில் மெதுவாக நிறையும். மெதுவாக நிறைந்தால் மெதுவாகப் பிடிக்கும். இங்கே ஒரு கணக்கை மறக்கக் கூடாது. ஆயில் போகும் பரப்பு விட்டத்தின் இருபடியைப் பொறுத்தது, 2 மி.மீ. துளையை 2.5 மி.மீ. ஆக்கினால் விட்டம் கால் பங்குதான் கூடுகிறது, பரப்போ 56 விழுக்காடு கூடுகிறது. அதனால்தான் கிட்டில் வரும் பிட்டைத் தவிர வேறு பிட்டைத் தொடக்கூடாது என்று சொல்கிறார்கள். பெரிதாக்கிய துளையைத் திரும்பச் சிறிதாக்க முடியாது. புதிய தகடுதான் வாங்க வேண்டும்.

இரண்டாவது, அக்யுமுலேட்டர். பேண்டுக்குப் போகும் ஆயில் பாதையில் ஒரு கிளை பிரிந்து, ஸ்பிரிங் தாங்கிய ஒரு பிஸ்டனுக்குப் போகிறது. ஆயில் வரும்போது அந்தப் பிஸ்டனும் கூடவே நகர்ந்து இடம் கொடுப்பதால், அது முழுக்க நகர்ந்து முடியும் வரை பேண்டின் மேல் முழுப் பிரஷர் ஏறாது. மென்மை பிறப்பது இங்கேதான். கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டால், பிஸ்டன் நகரும்போதே பேண்டுக்கு அதிகப் பிரஷர் கிடைக்கும், நழுவும் நேரம் குறையும். பிஸ்டனின் சீல் வளையம் தேய்ந்து ஆயில் கசிந்தால் பேண்டுக்குப் போக வேண்டிய பிரஷர் வீணாகும். ஆகவே கிட் போடத் திறக்கும்போது இந்த வளையத்தையும் மாற்றிவிடுவது அறிவுடைமை. சிலர் அக்யுமுலேட்டரை அடியோடு அடைத்துவிடுகிறார்கள். பந்தய வண்டிக்கு அது சரி. தினமும் கடைக்குப் போய் வரும் வண்டியில் அப்படிச் செய்தால், ஒவ்வொரு சிக்னலிலும் முதுகில் உதை வாங்குவதோடு, பெட்டிக்குள் உள்ள உலோக உறுப்புகளும் அந்த உதையை வாங்கும். இந்தக் குடும்பத்துப் பெட்டிகளில் சன் ஷெல் என்ற மெல்லிய எஃகுக் கிண்ணம் உடைவது மெக்கானிக்குகள் நன்கறிந்த விஷயம். அளவுக்கு மீறிய கெட்டித்தனம் அதற்கு நல்லதல்ல.

பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ‘ஆயில் பான்’ஐக் கழற்றாமலே செய்யக்கூடிய திருத்தம் ஒன்றும் உண்டு. பேண்டை இறுக்கும் சர்வோ, பெட்டியின் வலப்பக்கத்தில் ஒரு வட்ட மூடிக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு வளையக் கிளிப்பை எடுத்தால் மூடி வெளியே வந்துவிடும். கார்வெட் காருக்காகச் செய்த சர்வோவில், இரண்டாவது கியருக்கான பிஸ்டன் சாதாரண வண்டியில் இருப்பதைவிடப் பெரியது. அதே பிரஷர் பெரிய பரப்பின்மேல் விழுவதால் இறுக்கும் விசை கூடுகிறது. பிக்கப்புக்காரர்கள் ‘கார்வெட் சர்வோ’ என்று கேட்டு வாங்குவது இதைத்தான். ஒன்று–இரண்டு மாற்றத்தைத் தெளிவாக்குவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. சில வண்டிகளில் புகைபோக்கிக் குழாய் வழியை மறித்துக்கொண்டு நிற்பது ஒன்றே இடையூறு.

1990-இல் இந்தப் பெட்டியின் பெயர் 4எல்60 என்று மாறியது. 1993 முதல் டிரக்குகளில் வந்த 4எல்60-ஈ மாடலில் கேபிளே இல்லை. கம்ப்யூட்டர், மின்சாரத்தால் இயங்கும் வால்வான ஒரு சோலினாய்டு வழியாகப் பிரஷரைக் கட்டுப்படுத்துகிறது. மின்னோட்டம் கூடினால் பிரஷர் குறையும்படி அது அமைந்திருக்கிறது. வயர் அறுந்தால் பிரஷர் உச்சத்துக்குப் போய்ப் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளட்டும் என்பதே எண்ணம். ஆகவே இந்த மாடலில் மென்மை வந்து சேர்ந்திருந்தால், த்ராட்டில் சென்சார் போன்றவை தவறான செய்தி தருகின்றனவா என்றும், வால்வு பாடியின் துவாரங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அதில் இழுத்துச் சரிசெய்வதற்குக் கேபிள் தேட வேண்டியதில்லை.

கடைசியாக, ‘ஆயில் பான்’ஐக் கழற்றும் நாளைப் பற்றி. 700ஆர்4-இல் 16 போல்ட்டுகள். கழற்றினால் வருவது பெட்டி பிடிக்கும் மொத்த ஆயிலில் பாதிக்கும் குறைவுதான், மீதியில் பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். பானின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் படிந்திருந்தால் அது வயதின் இயல்பு. ஃபில்டரை மாற்றி, கிட்டைப் போட்டு, டிவி கேபிளை மீண்டும் ஒருமுறை சரிபார்த்து மூடலாம். கறுப்புத் துகள்கள் கைவிரலில் மணல்போல நெருடினால், பூச்சு ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது. அப்போது கிட்டைப் பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தைப் பெட்டியை முழுக்கப் பிரித்துக் கட்டும் செலவுக்கு எடுத்துவைக்க வேண்டும்.